சின்னம்மைத் தடுப்பூசி: தானாகப் போகிற நோய்க்கு ஊசி எதற்கு?

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 14 மாதம் முடிகிறது. அடுத்த முறை வரும்போது சின்னம்மைத் தடுப்பூசியும் போட்டுவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். கட்டாயமா என்று கேட்டேன். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டார். வீட்டில் வந்து சொன்னால் ஆளுக்கொரு பேச்சு. என் அம்மா, "உனக்கு ஆறு வயதில் வந்தது, பத்து நாளில் போயிற்று, இதற்கெல்லாமா ஊசி" என்கிறார். கணவருக்கு இதுவரை வந்ததே இல்லை. அவருக்கு வேறு பயம்: ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமியாமே, பிள்ளையிடமிருந்து தனக்குத் தொற்றிவிடுமோ என்று. இதற்கு நடுவில் என் தங்கை மூன்று மாதக் கர்ப்பம். வாரம் தவறாமல் வந்து மகளைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

மூன்று பேர் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கதிர்_அப்பா எழுதியது:

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூவருக்கும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்தது. மூத்தவனுக்கு வந்து பதினைந்தாம் நாள் மற்ற இருவருக்கும். அரிப்புதான் கொடுமை, மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. இனி ஆயுளுக்கும் கவலை கிடையாது. ஊசி போட்டால் அதன் எதிர்ப்பு எத்தனை வருடம் நிற்கும்? குறைந்துபோய் முப்பது வயதில் வந்தால்? பெரியவர்களுக்கு வந்தால்தான் கடுமை என்று எல்லோருமே சொல்கிறார்கள். சிறு வயதில் வந்துபோவதே மேல் என்று நினைக்கிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. போலியோ, தட்டம்மை எல்லாம் தவறாமல் போட்டவன்தான்.

மாலைநேரம் எழுதியது:

கதிர், அந்த "பெரியவர்களுக்கு வந்தால்" என்பதை நான் அனுபவித்தவன். எனக்கு அப்போது 34 வயது. அண்ணன் மகளுக்குச் சின்னம்மை என்று தெரியாமலே ஒரு நாள் முழுக்க அவளோடு விளையாடிவிட்டு வந்தேன். அன்று அவள் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் காலையில்தான் கண்டிருக்கிறது.

சரியாக இரண்டு வாரம் கழித்து எனக்கு நெஞ்சில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாள் முதுகு, முகம், தலைமுடிக்குள், வாய்க்குள், கண் இமை ஓரத்தில்கூட. ஒரு பக்கம் காய்ந்து பொருக்காகிறது, பக்கத்திலேயே புதிதாக முளைக்கிறது. சட்டையைக் கழற்றினால் பொருக்கு துணியோடு ஒட்டி வந்துவிடும். இதெல்லாம் பொறுக்கக்கூடியதுதான். நாலாம் நாள் இரவு இருமல் தொடங்கியது. விடிவதற்குள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். ஏசைக்ளோவிர் மருந்தை ரத்த நாளம் வழியாக ஏற்றினார்கள். ஆறு நாள் ஐசியூ. நான் சிகரெட் பிடிப்பவன், அதுவும் சேர்ந்துதான் இவ்வளவு தூரம் போனது என்றார் மருத்துவர்.

எனக்குச் சிறு வயதில் வராமல் போனதும் என் கையில் இல்லை, 34இல் வந்ததும் என் கையில் இல்லை. ஊசி மட்டும்தான் என் கையில் இருந்தது. அப்படி ஒன்று பெரியவர்களுக்கும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வந்தி, உங்கள் கணவர் இதைப் படிக்க வேண்டும்.

குழந்தை_மருத்துவர் எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி, உங்கள் அம்மா சொல்வதில் பொய் இல்லை. ஆரோக்கியமான பத்துப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்தால் பெரும்பாலும் பத்தும் தேறிவிடும். ஒரு குடும்பத்தின் நினைவில் இருப்பது அந்தப் பத்துதான். மொத்தமாக எண்ணிப் பார்க்கும்போது படம் மாறுகிறது. அமெரிக்காவில் 1995இல் இந்தத் தடுப்பூசி வருவதற்கு முன், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்துகொண்டிருந்தது. அதில் 10,500 முதல் 13,000 பேர் வரை மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 100 முதல் 150 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் வேறு நோய் எதுவும் இல்லாதவர்கள்.

பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அம்மைக் கிருமி அல்ல, சொறிந்த இடம் வழியாக உள்ளே போகும் வேறு கிருமிகள். தணிந்த காய்ச்சல் நாலைந்து நாளில் திரும்ப ஏறும். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து, சூடாகி, தொட்டாலே பிள்ளை அலறும். அப்படிக் கண்டால் அன்றைக்கே காட்டுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அரிதாகச் சிறுமூளையைத் தொடும். நேற்றுவரை ஓடிய பிள்ளை இன்று தள்ளாடித் தள்ளாடி நடக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அந்த வாரங்களில் பெற்றவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கதிர், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு தவணை போட்டால் நூற்றுக்கு 80க்கு மேல் பாதுகாப்பு, கடுமையான நோய்க்கு எதிராக ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. ஆனாலும் ஒரு தவணை போட்ட பள்ளிகளில் அங்கங்கே பரவல் நிற்கவில்லை. அதனால்தான் 2006இல் அமெரிக்காவில் இரண்டாம் தவணையைச் சேர்த்தார்கள். இரண்டு போட்டால் பாதுகாப்பு 90ஐத் தாண்டுகிறது. அதையும் மீறி வருபவர்களுக்கு, பெரும்பாலும் 50 புள்ளிகூட இருக்காது, காய்ச்சலும் பல நேரம் இருக்காது. ஊசி போடாத பிள்ளைக்கு 250 முதல் 500 வரை வரும்.

உங்கள் பயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒரு நாட்டில் பாதிப் பேர் போட்டு, பாதிப் பேர் போடாமல் விட்டால் கிருமி மெதுவாகச் சுற்றும். போடாதவர்கள் சிறு வயதில் தப்பித்து, பெரியவர்களானபின் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் 80 சதவீதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து போட முடிந்தால் மட்டும் பொதுத் திட்டமாகத் தொடங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் இந்த வாதம் ஒரு வீட்டின் பிள்ளைக்குப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றிலும் பலர் போட்டிருக்க, போடாமல் விட்ட பிள்ளைதான் அந்த ஆபத்தில் நிற்கிறது.

இனி வீட்டுக் கேள்விகள். கணவருக்கு வந்ததே இல்லை என்பது உறுதியானால் 4 முதல் 8 வாரம் இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொள்ளட்டும். 13 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இதே கணக்கு. ஊசி போட்ட பிள்ளையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, அதுவும் பிள்ளைக்கு ஊசிக்குப் பின் கொப்புளம் வந்திருந்தால்தான். தங்கை கர்ப்பமாக இருப்பது உங்கள் மகளுக்குப் போடுவதைத் தள்ளிவைக்கக் காரணமே அல்ல. நிஜச் சின்னம்மையை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் தங்கைக்குப் பாதுகாப்பு. தங்கை மட்டும் இப்போது போட்டுக்கொள்ளக் கூடாது.

பழைய_ஏடு எழுதியது:

உயிருள்ள கிருமி என்று செவ்வந்தியின் கணவர் பயப்படுவதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. இந்தத் தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தகஹாஷி. 1964இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் டெக்சாஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கண்டது. பையன் மூச்சுத் திணறிக் கிடந்த இரவுகளில் அவரும் மனைவியும் கண்மூடாமல் பக்கத்தில் இருந்தார்கள். பையன் பிழைத்தான். தகஹாஷி ஊர் திரும்பி இதிலேயே இறங்கினார்.

ஓகா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து கிருமியை எடுத்து, உடம்பின் சூட்டைவிடக் குறைவாக 34 டிகிரியில் மனித உயிரணுக்களிலும், பிறகு கினிப்பன்றியின் உயிரணுக்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்தார். குளிர்ந்த இடத்துக்கும் வேற்று உயிரணுவுக்கும் பழகிப்பழகி, மனித உடம்பில் நோயாக வளரும் வலுவை அது இழந்தது. 1974இல் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகில் போடப்படும் ஊசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த ஓகா வகைதான். உயிர் இருக்கிறது, வலு இல்லை. கோழிமுட்டையில் வளர்ப்பதில்லை என்பதால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஒரு தகப்பன் தன் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்த இரவுகளிலிருந்து வந்த மருந்து என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

கதிர்_அப்பா எழுதியது:

டாக்டர், விளக்கத்துக்கு நன்றி. இன்னும் ஒன்று இடிக்கிறது. இவ்வளவு நல்ல ஊசி என்றால் பிரிட்டன் ஏன் இத்தனை வருடம் எல்லாக் குழந்தைகளுக்கும் போடவில்லை? பிள்ளைகளுக்கு அம்மை வராமல் போனால் பெரியவர்களுக்கு அக்கி அதிகமாகும் என்று படித்தேன். என் அப்பாவுக்கு அக்கி வந்து இடுப்பைச் சுற்றி எரிச்சலோடு இரண்டு மாதம் துடித்ததைப் பார்த்தவன். அதனால்தான் கேட்கிறேன்.

குழந்தை_மருத்துவர் எழுதியது:

அப்பா எப்படி இருக்கிறார் இப்போது? அந்த வலியை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

படித்தது சரியான செய்திதான். சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் வேலை. அம்மை போனபின் கிருமி நம்மை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கும். வயதாகி எதிர்ப்பு தளரும்போது ஏதாவது ஒரு நரம்பு வழியே இறங்கி வரும், அதுதான் அக்கி. அம்மை கண்ட பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு எதிர்ப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படலாம் என்று 1965இல் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் எழுதினார். பிரிட்டன் தயங்கியதற்கு அது பெரிய காரணம்.

அந்தக் கருத்து முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்த அளவு நடக்கவில்லை. அமெரிக்காவில் அக்கி மெல்ல அதிகரித்தது உண்மை. அந்த ஏற்றம் ஊசி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, ஊசிக்குப் பின் அதன் வேகம் கூடவில்லை. பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இதையெல்லாம் பார்த்துத்தான் 2023இல் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு தவணை போடப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரியிலிருந்து அட்டவணையில் சேர்க்க அரசும் முடிவெடுத்தது. இன்னொன்று, ஊசி போட்ட பிள்ளைகளுக்கே அக்கி வருவது, இயற்கையாக அம்மை வந்த பிள்ளைகளைவிடக் குறைவு. அதனால் சின்னம்மையை வரவழைப்பது என்பது, அக்கிக்கான கிருமியையும் சேர்த்து உள்ளே குடியமர்த்துவது. அப்பாவைப் போன்ற பெரியவர்களுக்கு, 50 வயதுக்கு மேல் அக்கிக்கென்றே தனித் தடுப்பூசி இருக்கிறது. ஒரு முறை வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

தேன்மலர் எழுதியது:

அப்படியானால் அம்மை வந்த வீட்டுக்கு வேண்டுமென்றே பிள்ளையைக் கூட்டிப்போய் வரவழைப்பது தவறா? எங்கள் குடும்பத்தில் அப்படிச் செய்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள்.

மாலைநேரம் எழுதியது:

தவறு அம்மா. யாருக்கு லேசாகப் போகும், யாருக்கு என்னைப் போலப் போகும் என்று வாசலில் நிற்கும்போது தெரியாது. உங்கள் பிள்ளையிடமிருந்து அடுத்து யாருக்குப் போகும் என்பதும் தெரியாது.

அகல்விளக்கு எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. மாலைநேரம் கடைசியாகச் சொன்ன வரிக்காக எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறது. அவனுக்கு இந்த ஊசி போட முடியாது, வலுவிழந்த கிருமியே அவனுக்கு வலுவானது. அதற்கு முன் போட்டிருக்கலாமே என்பீர்கள். போடவில்லை. செவ்வந்தி வீட்டில் பேசுகிற அதே பேச்சுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. பிறகு போடலாம் என்று விட்டோம், அந்தப் பிறகு வரவே இல்லை.

போன மாதம் வெள்ளணுக்கள் கொஞ்சம் ஏறியிருந்ததால் ஒரு மணி நேரம் பழைய நண்பனோடு விளையாட விட்டேன். அவ்வளவு கெஞ்சினான். மறுநாள் இரவு நண்பனின் அம்மா அழைத்தார். அவர் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "பையனுக்கு வயிற்றில் கொப்புளம்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உடனே சொன்னாரே, அதுதான் பெரிது. இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓடினோம். எதிர்ப்புப் புரதம் உள்ள ஊசியை 10 நாளுக்குள் கொடுக்க வேண்டுமாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம். இரண்டாம் நாளே போட்டுவிட்டார்கள். அந்த ஊசி போட்டால் அம்மை தள்ளிக்கூட வரலாம் என்பதால் 21 நாள் அல்ல, 28 நாள் பார்க்கச் சொன்னார்கள். கீமோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்று 8ஆம் நாள். காலையும் இரவும் சட்டையைக் கழற்றி, டார்ச் அடித்து, காதுக்குப் பின்னால், அக்குளில், தலைமுடியை வகிர்ந்து பார்க்கிறேன். கொசுக்கடி இருந்தாலும் என் கை நடுங்குகிறது. அவன் எதுவும் கேட்பதில்லை, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் பிள்ளைக்குத் தானாகப் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் என் பிள்ளை நிற்கிறான்.

கதிர்_அப்பா எழுதியது:

அம்மா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என் மூத்தவனுக்குக் கொப்புளம் கண்டதற்கு முந்தின நாள் அவன் பள்ளிக்குப் போயிருந்தான். அந்த வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும்.

செவிலியர்_வானதி எழுதியது:

அகல்விளக்கு, மகனின் 28 நாளும் முடியும்வரை இங்கே வந்து சொல்லிக்கொண்டிருங்கள்.

நான் தடுப்பூசி அறையில் வேலை செய்பவள். செவ்வந்திக்கும் மற்றவர்களுக்கும் நடைமுறை விஷயம் சிலவற்றைச் சொல்கிறேன். இந்த மருந்து குப்பிக்குள் வெள்ளையாக, உறைய வைத்து உலர்த்திய கட்டியாக இருக்கும். உங்கள் கண்ணெதிரே அதற்கான திரவத்தை விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைப்போம். கரைத்தபின் நேரம் கடத்தக் கூடாது, சில வகைகளுக்கு 30 நிமிடம்தான் கெடு. சில வகைகளை உறைநிலைக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அதனால் முன்கூட்டிக் கரைத்து வைத்ததைப் போட வேண்டாம், குளிர்ச்சி விட்டதையும் போட வேண்டாம். எப்போது கரைத்தது என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கானது) போன்ற மற்ற உயிருள்ள தடுப்பூசிகளை அதே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வார இடைவெளி வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஜெலட்டினோ நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடுவதில்லை. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் சகஜம். நூற்றில் சில பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் நாலைந்து புள்ளி வரும். ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரும் அபாயம் உண்டு. நிஜ அம்மையிலும் ஆஸ்பிரின் கூடவே கூடாது, இபுபுரூஃபனும் வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இரண்டாம் தவணை எப்போது என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறும். 13 வயதுக்குக் கீழே குறைந்தது 3 மாதம் இடைவெளி விட்டுப் போடுவோம். அட்டையில் தேதியோடு மருந்தின் தொகுதி எண்ணும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், வீட்டில் யாருக்காவது அம்மை கண்டுவிட்டால் "இனி ஊசி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். வராத மற்றவர்களுக்கு 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டால் பல நேரம் தடுத்துவிடலாம், இல்லாவிட்டாலும் லேசாக்கலாம். ஒரே வீட்டில் எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும் நோய் இது.

இளவேனில் எழுதியது:

செவ்வந்தியின் தங்கைக்கு ஒரு வார்த்தை. சிறு வயதில் வந்ததா என்று அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள், சந்தேகமாக இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எனக்கு இல்லை என்று கருத்தரிப்பதற்கு முன்பே தெரிந்ததால் இரண்டு தவணையும் போட்டு, ஒரு மாதம் பொறுத்து, அப்புறம்தான் குழந்தைக்கு முயன்றோம். முதல் ஐந்து மாதத்துக்குள் தாய்க்கு அம்மை வந்தால் அரிதாகக் கருவின் கைகால், கண், மூளை பாதிக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தைக்கே உயிர் ஆபத்து. தங்கைக்கு எதிர்ப்பு இல்லையென்றால் பிரசவம் முடிந்தவுடன் போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை.

செவ்வந்தி எழுதியது (20 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இங்கே படித்த அன்றே கணவரிடம் காட்டினேன். மாலைநேரம் எழுதியதை இரண்டு முறை படித்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மகளும் அவரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். அவருக்கு இரண்டாவது அடுத்த மாதம். தங்கைக்கு ஐந்து வயதில் வந்தது என்று அம்மா சொன்னார், ரத்தத்திலும் எதிர்ப்பு இருக்கிறது என்று வந்துவிட்டது.

இன்று காலை மகளின் தொடையில், ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மூன்று சிறு புள்ளி. காய்ச்சல் இல்லை, விளையாடுகிறாள். பயப்பட வேண்டுமா?

செவிலியர்_வானதி எழுதியது:

வேண்டாம். துணியால் மூடியிருக்கும்படி உடுத்திவிடுங்கள். காயும்வரை எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பக்கத்தில் விட வேண்டாம். தங்கைக்கு எதிர்ப்பு இருப்பதால் அவர் தாராளமாக வரலாம். எண்ணிக்கை கூடினாலோ காய்ச்சல் ஏறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கதிர்_அப்பா எழுதியது:

என் தம்பி மகனுக்குப் போன சனிக்கிழமை முதல் தவணை போட்டோம். தம்பியிடம் நான்தான் பேசினேன். அப்பாவின் மருத்துவரிடம் அக்கி ஊசிக்கும் நாள் வாங்கியாயிற்று.

அகல்விளக்கு அம்மா, நேற்று எண்ணிப் பார்த்தேன். இன்று 28 வருகிறது இல்லையா?

அகல்விளக்கு எழுதியது:

ஆமாம், இன்றுதான். காலையில் அவனே சட்டையைக் கழற்றிவிட்டு டார்ச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். தலையிலிருந்து பாதம் வரை பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன். ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை கீமோ மறுபடி தொடங்குகிறது.